பின்னால் சொட்டும் தண்ணீர்

ஹைட்ரஜனில் ஓடும் அதிவேகக் காரைப் பற்றி பெட்ரோல் வரிசையில் நின்று நான் பேசியிருக்கக் கூடாது. பேசியதுகூடப் பரவாயில்லை. கேட்டபோது பதில் சொன்ன விதம்தான் இன்றும் உறுத்துகிறது.

பெட்ரோல் கிடைக்காத அந்த மாதங்களில் பசறை எரிபொருள் ஷெட்டிலிருந்து வரிசை கடைத்தெருவைத் தாண்டி நீண்டு கிடக்கும். என் மனைவியின் தம்பி தன் முச்சக்கர வண்டியோடு அதில் நிற்பான். மனைவியை இழந்தபின் எங்களோடு இருப்பவன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. பதுளையில் இரசாயனவியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு வேறு வேலை இல்லை. துணைக்குப் போய் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் பத்திரிகையில் அந்தக் காரின் படம் வந்திருந்தது. தரையோடு தரையாகப் படுத்திருக்கும் வெள்ளிநிற உடம்பு. பக்கத்தில் நின்றவர்களுக்கு விளக்கினேன். தாங்கியில் கடும் அழுத்தத்தில் அடைத்த ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேரும்போது மின்சாரம் பிறக்கிறது, அது மோட்டாரைச் சுழற்றுகிறது, பந்தயக் கார்களோடு போட்டி போடும் வேகம், ஆனால் புகையே கிடையாது, பின்னால் வெறும் தண்ணீர்தான் சொட்டும் என்றேன்.

"அந்தத் தண்ணியப் புடிச்சி பிளேன்டீ ஊத்தலாங்களா சேர்?" என்றார் ஒரு மோட்டார் சைக்கிள்காரர். அந்த வேகத்தில் வந்தால் நம்ம ரோட்டில் முதல் வளைவிலேயே தேயிலைக்குள் கிடக்கும் என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். பள்ளியைவிட்டு வந்தபின் என்னைச் சுற்றி அத்தனை பேர் நின்று கேட்டதில்லை.

அடுத்தடுத்த நாட்களில் பேச்சு வளர்ந்தது. தண்ணீரை வெளியே விடும் கார், தண்ணீரில் ஓடும் கார் ஆகிவிட்டது. நான் திருத்தவில்லை. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். திரும்பக் கிடைப்பது செலவழித்ததைவிடக் குறைவு. அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் காரின் சுத்தமே இருக்கிறது. இதையெல்லாம் கரும்பலகையில் எழுதியே கை தேய்ந்தவன் நான். சொன்னால் கூட்டம் கலைந்துவிடும் என்று தோன்றியது.

பண்டாரவளையில் யாரோ ஒரு போத்தல் விற்பதாக மனைவியின் தம்பி வந்து சொன்னான். உள்ளே தகடுகள், தண்ணீர், கொஞ்சம் காஸ்டிக் சோடா. பற்றரியிலிருந்து வயர் கொடுத்து, வரும் வாயுவைக் குழாய் வழியாக எஞ்சினுக்குள் விட்டால் பாதிப் பெட்ரோல் போதுமாம்.

"நெசந்தானா மச்சான்? நீங்க சொன்னா மாட்டிர்றேன்."

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். "தத்துவம் சரிதான்" என்றேன்.

மாட்டினான். பசறை இறக்கத்து வளைவொன்றில் வண்டி சாய்ந்தபோது போத்தலும் சாய்ந்து, சோடாத் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விட்டது. பெரிய சத்தத்தோடு நின்ற வண்டி பிறகு ஓடவில்லை. நல்லவேளை, பிள்ளைகள் யாரும் ஏறியிருக்கவில்லை. கராஜ்காரர் பிரித்துப் பார்த்துக் கையை விரித்தார். புது எஞ்சினுக்கு வழியில்லாமல் வண்டியை உதிரிப் பாகங்களுக்குக் கொடுத்துவிட்டான்.

இப்போது பண்டாரவளைச் சந்தையில் கோவா, கரட் என்று மரக்கறி மூட்டை தூக்குகிறான். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து ஞாயிறு பின்னேரம் திரும்புவான். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. படித்தவர்களும் சில நேரம் பிசகத்தான் செய்வார்கள் என்று தன் அக்காவிடம் சொல்லியிருக்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன சனிக்கிழமை அவன் சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன்.

"அன்னைக்கு நான் பிசகல. அது சரிவராதுன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."

தோளைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவியும் நிறுத்திவிட்டாள். அவன் கேட்டான்.

"அப்ப அந்தக் காரு? அதுவும் பொய்யா?"

"இல்ல. அது ஓடுது."

"ஓடட்டும்" என்று பாயை விரித்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஞாயிறு காலை நான் எழும்போது பாய் சுருட்டி வைத்திருந்தது. முதல் பஸ்ஸிலேயே போய்விட்டான்.