வரதராசா வாய் திறந்த ஞாயிற்றுக்கிழமை

ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் வரதராசாவைத் தெரியாத தமிழர் குறைவு. நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் விறைத்த கையோடு தொடங்கி, பிறகு ஒஸ்லோவில் பஸ் ஓட்டி, வீடு வாங்கி, மகளைப் படிப்பித்த மனிதர். நல்ல வாய்க்காரர். கோயில் கூட்டத்தில் அவரிடமிருந்து ஒலிவாங்கியைப் பறித்துத்தான் எடுக்க வேண்டும். அப்பேர்ப்பட்டவர் தன் மனைவி இராசமணியிடம் அன்பாக ஒரு வார்த்தை சொன்னதாகச் சரித்திரமே இல்லை. பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் 'தக்' என்று நன்றி சொல்வார். சோறு போடுகிறவளுக்குச் சொல்ல மாட்டார். வீட்டு ஆட்களுக்கு நன்றி சொன்னால் அவர்களைப் பிறத்தியாராக்கியது போலாகும் என்பது அவர் கட்சி. கூச்சத்தை மறைக்க நல்ல கட்சிதான்.

திங்கட்கிழமை இராசமணிக்கு இதய அறுவைச் சிகிச்சை. ஹவாயில் வாழும் மகள் வினோஜா, கணவன் கலேயோவோடு பறந்து வந்திருந்தாள். கலேயோ அந்தத் தீவின் பூர்வீகக்காரன். தேத்தண்ணி கொடுத்தாலும் "மஹாலோ" என்று நன்றி சொன்னான். படுக்கப் போகுமுன் வினோஜாவின் நெற்றியோடு நெற்றி வைத்து "அலோஹா வாவ் இயா ஓயே" என்றான். உன்னில் அன்பாயிருக்கிறேன் என்று அர்த்தமாம். மாமனார் சட்டென்று தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அது அணைந்து கிடந்தது.

சொல்லாமலே இருந்து, அவள் திரும்பி வராவிட்டால்? இந்தப் பயம் வரதராசாவை அரித்தது. சனிக்கிழமை குறொன்லாண்ட் கடைத்தெருவில் மரக்கறி வாங்கும்போது, முருங்கைக்காய்ப் பெட்டியருகே மருமகனை மறித்து, அரைகுறை ஆங்கிலத்தில் அந்தச் சொற்களைச் சொல்லித் தரக் கேட்டார். தமிழில் அவருக்கு நாக்கு எழும்பாது. நோர்வேஜிய மொழியில் சொன்னால் பயணிக்குச் சொன்னது மாதிரி இருக்கும். ஹவாய் மொழியில் சொன்னால் வெட்கம் பாதியாகும் என்று நினைத்தார்.

ஞாயிறு இரவுச் சாப்பாட்டில் கலேயோ தன் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவரின் கையைப் பிடித்து, ஒவ்வொருவராக நன்றியும் அன்பும் சொல்வார்களாம். முதலில் அவன் சொன்னான். வினோஜா சொல்லி அழுதாள். வரதராசாவுக்கு வேர்த்துக் கொட்டியது. மனைவியின் கையைப் பிடித்தார்.

"மஹாலோ. அலோஹா வாவ் இயா ஓயே."

இராசமணி மகளைப் பார்த்தாள். "என்னவாம் உன்ரை கொப்பர்?"

"அவரையே கேளுங்கோ அம்மா."

"அது... சும்மா, அவையின்ரை வழக்கம்," என்று மழுப்பினார்.

"வழக்கம் இருக்கட்டும். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அவள் கை சில்லென்றிருந்தது. அவளும் பயந்துபோயிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இஞ்சாரும்," என்றார். "இவ்வளவு காலமும் என்னோடை இருந்ததுக்கு நன்றி எண்டு சொன்னனான். உம்மிலை எனக்குச் சரியான அன்பு எண்டும் சொன்னனான்."

"இதைச் சொல்லாமல் இவ்வளவு நாளும் வாயிலை கொழுக்கட்டையே வைச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டாள் இராசமணி. கண் நிறைந்துவிட்டது. கையை மட்டும் விடவில்லை.

"நான் திரும்பி வந்த பிறகும் சொல்ல வேணும். தமிழிலையே சொல்லுங்கோ."