கடிக்கக் கற்றுக்கொடுத்தவர்

சுனாமியில் கடல் அடித்த பிறகு, மாங்கேணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தபோதுதான் அந்த மீன்காரியைக் கண்டேன். கட்டையான, கறுத்த மனுசி. முழங்கை வரை பல் பதிந்த தழும்புகள். பின்னேரம் என் மகளையும் மற்றப் பிள்ளைகளையும் கூட்டி, ஒவ்வொருவராகப் பிடித்து இழுத்து, "கடி மனே! ரத்தம் வரக் கடி! கடிச்சிட்டுக் கத்திக்கிட்டு ஓடு!" என்பார்.

எனக்கு அது பயம். பெரியவர்களை எதிர்க்கக் கூடாது என்றுதான் மகளுக்குச் சொல்லியிருந்தேன்.

ஒருநாள் பிஸ்கட் பங்கிட வந்தவன் மகளைக் கழிப்பறைக்குப் பின்னால் இழுத்திருக்கிறான். எனக்கு அது அப்போது தெரியாது. அவள் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். பின்னாலேயே அவனும் வந்தான், கையில் ரத்தம்.

"உங்கட புள்ள நாய் மாதிரிக் கடிக்குது!"

சனம் பார்த்தது. நான் மகளின் கன்னத்தில் அறைந்தேன்.

மீன்காரி விறகுக் கட்டையால் அவன் வாயில் அடித்தார். பல் தெறித்தது. விழுந்தவனின் நெஞ்சில் மிதித்து, "எங்க வெச்சுடா கடிச்சவ?" என்றார். அவன் கண் கழிப்பறைப் பக்கம் போனது. மறுபடியும் அடித்தார்.

பிறகு என்னிடம் திரும்பினார். "நீயே அடிச்சா, உன்ட புள்ள இனி ஆரிட்ட சொல்லுவா?"

மகளைத் தூக்கப் போனேன். அவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அந்த மனுசிக்குப் பின்னால் ஒளிந்தாள்.