ஆல்பா துகள் எங்கிருந்து வருகிறது

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் அணு அமைப்பு என்று ஒரு பாடம். பதினேழு வருஷமாக நடத்துகிறேன். மெல்லிய தங்கத் தகட்டின்மேல் ஆல்பா துகள்களைப் பாய்ச்சுகிறார்கள். பெரும்பாலானவை நேரே ஊடுருவிப் போகின்றன, சில விலகுகின்றன, மிகச் சில வந்த வழியே திரும்புகின்றன. ஆகவே அணுவுக்குள் பெரும்பகுதி வெற்றிடம், நடுவில் மிகச் சிறிய, கனமான உட்கரு. இதைப் படத்தோடு எழுதினால் முழு மதிப்பெண். முதல் பதினைந்து வருஷத்தில் ஒரு பிள்ளைகூட அந்த ஆல்பா துகள் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டதில்லை. புத்தகத்தில் அது இல்லை. நானும் சொன்னதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி கேட்டாள்.

இனயம் பக்கத்துப் பிள்ளை. அப்பாவுக்குக் கடல் தொழில், அம்மா மீன் வியாபாரம். இரண்டாவது பெஞ்சில் சுவரோரமாக இருப்பாள். வாய் திறந்தால் எங்கள் ஆசிரியர்களில் சிலர் சிரிப்பார்கள், அவள் பேச்சு பாட்டுப் போல இருக்கிறதாம். புதுக்கடையில் பிறந்து வளர்ந்த என் பேச்சைக் கேட்டு மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள் என்பது இவர்களுக்கு மறந்துபோகும்.

"டீச்சரே, அந்தத் துகள ஆரு உண்டாக்குனா?"

"யாரும் உண்டாக்கல்ல மக்களே. யுரேனியம், தோரியம் மாதிரி சில கனமான அணுக்கள் இருக்கு. அதுக்க உட்கரு நிலையா நிக்காது. தானா உடைஞ்சு ஆல்பாவ வெளியே தள்ளும்."

"தோரியமா? அது எங்க கடப்புறத்து மண்ணுல கெடக்குல்லா?"

சிலர் அவள் பக்கம் திரும்பினார்கள். அந்த நாட்களில் கடலோர ஊர்களில் தோரியத்துக்காக மணல் எடுக்கும் திட்டம் ஒன்றைப் பற்றித்தான் பேச்சு. கோயில்களில் எதிர்ப்புக் கூட்டம் போட்டார்கள், பஸ் ஸ்டாப்பில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தோரியம் என்ற சொல்லை அந்த ஊர்ப் பிள்ளைகள் என்னிடமிருந்து கற்கவில்லை. அவர்களுக்கு அது ஏற்கெனவே வீட்டுச் சொல்.

"கெடக்கு" என்றேன். "நாளைக்கு வேணும்னா கொஞ்சம் மண்ணு கொண்டு வா. பாப்போம்."

கொண்டு வரச் சொன்னது நான். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஒரு ஜாம் பாட்டிலில் கால்வாசி மணல் கொண்டு வந்தாள். வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை பரப்பி, லென்ஸ் வைத்து ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். கருப்புத் துகள்கள், கண்ணாடி போன்ற வெள்ளைத் துகள்கள், அங்கங்கே தேன் நிறத்தில் சில மணிகள். அந்தத் தேன் நிற மணிகள் மோனசைட்டாக இருக்கலாம், அதற்குள்தான் தோரியம் இருக்கும் என்றேன். ஆல்பா ஒரு தாளைக்கூடத் தாண்டாது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஊதக் கூடாது, வாய்க்குள் போகக் கூடாது, கடைசியில் எல்லாரும் கை கழுவ வேண்டும் என்றும் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நாங்க அதுலதான டீச்சரே கபடி வெளயாடுதோம்."

தோரியத்துக்குத் தொண்ணூறு புரோட்டான், எலக்ட்ரானும் அத்தனை என்று கரும்பலகையில் எழுதினேன். உடனே பிள்ளைகள் நோட்டை எடுத்து எலக்ட்ரான்களை வட்டம் வட்டமாக நிரப்பத் தொடங்கினார்கள். இரண்டு, எட்டு, பதினெட்டு, முப்பத்திரண்டு. மிச்சம் முப்பது. அந்த முப்பதையும் ஐந்தாவது வட்டத்தில் போட்டாள் அவள். "அங்ஙன போகாது. அதுக்கு மேல வேற கணக்கு வருது, அது பிளஸ் ஒண்ணுல" என்றேன். "அப்ப நீங்க சொல்லித்தந்த விதி தப்பா டீச்சரே?" என்று கேட்டாள். தப்பில்லை, பாதி வழிதான் வரும் என்றேன். இருபது வரைக்கும் உள்ள தனிமங்களுக்குப் படம் போட்டுப் போட்டு எனக்கே சலித்திருந்த பாடம் அது. அன்றைக்கு மணி அடித்தும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

எழும்பிப் போகும்போது அவள் இன்னொன்றும் கேட்டாள். "இந்த மண்ணுல பொறந்து வளந்தா ஒடம்புக்கு என்ன செய்யும்?"

"எனக்கு முழுசா தெரியாது. தெரிஞ்சவங்களும் ஒண்ணுபோல சொல்லல்ல" என்றேன். அது உண்மையான பதில். அந்த மூன்று நாளில் நான் வெட்கப்படாமல் நினைத்துப் பார்க்கக்கூடியது அந்தப் பதில் ஒன்றுதான்.

சோதனையை எங்கள் வராந்தா வழியே போன சக ஆசிரியர் ஒருவர் ஜன்னல் வழியாகப் போட்டோ எடுத்திருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்குள் அது ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. கீழே, 'கதிர்வீச்சு மண் வகுப்பறையில்' என்று ஒரு வரி. எங்கள் தலைமையாசிரியர் நேராக வகுப்புக்கே வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளை எழுந்திருக்கச் சொன்னார்.

"கடப்புறத்துப் போராட்டத்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாறியா? உன்ன ஆரு அனுப்புனா?"

"ஆரும் அனுப்பல்ல சாரே. டீச்சர்..."

என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன், "சார், அது பாடத்துக்காக" என்று தொடங்கினேன். "உங்களிட்ட பொறவு பேசுதேன்" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் அடங்கிப் போனேன். நாற்பத்தி மூன்று வயது, இரண்டு பட்டம். ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பெருக்குகிற அக்காவிடம் கொடுத்து வெளியே கொட்டச் சொன்னார். அந்த அக்கா பையைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு போனாள். பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். காலையில் லென்ஸ் வைத்து ஆசையாகப் பார்த்த அதே பிள்ளைகள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டார்கள். அவளுக்கு முன் பெஞ்சில் இருந்த ஒருத்தி தன் பையை இழுத்து இன்னும் முன்னால் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு நான் நடத்தியதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அழிந்தது.

மறுநாள் அவளுடைய அம்மா வந்தார். வியாபாரம் முடித்து நேரே வந்திருந்தார், சேலையில் மீன் வாடை. தலைமையாசிரியர் அறையில் மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. உட்காரச் சொல்லவில்லை. நானும் நின்றுகொண்டிருந்தேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்கு உட்கார அனுமதி தேவையில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டிருக்கலாம்.

"ஆபத்தான பொருள உங்க பிள்ள பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்திருக்கு. மத்தப் பிள்ளைகளுக்கு எதாவது ஆனா ஆரு பொறுப்பு?"

அந்த அம்மா சத்தம் போடவில்லை. "சாரே, அந்த மண்ணுலதான் நாங்க மீன் காயப்போடுதோம். இவ நடை பழகுனது அதுலதான். கடப்புறத்துல கெடக்கப்ப ஒண்ணுமில்லாத்த மண்ணு, பாட்டில்ல அடைச்சு இங்க கொண்டாந்தா ஆபத்தாப் போச்சா?"

தலைமையாசிரியர் ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் நின்ற மகளிடம் நீட்டினார். இனி இப்படிச் செய்ய மாட்டேன், மன்னிக்கவும் என்று எழுதச் சொன்னார். அவள் எழுதினாள். அழகான கையெழுத்து. கீழே வகுப்பாசிரியர் கையெழுத்து வேண்டும் என்றார்.

போட்டேன்.

இதை எழுதும்போதும் கோபம் வருகிறது. என்மேல்தான். தலைமையாசிரியரைப் பற்றி எனக்குப் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. போர்ஷன் முடிந்ததா, ரிசல்ட் வந்ததா, மேலிடத்திலிருந்து யாரும் போன் பண்ணாமல் இருந்தார்களா, அவ்வளவுதான் அவருடைய உலகம். ஆனால் கேள்வி கேட்க வேண்டும், கேட்டால்தான் அறிவியல் என்று வருஷா வருஷம் முதல் வகுப்பில் முழங்குகிறவள் நான்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னபோது என் கணவர், "நீ என்னத்துக்கு வம்புக்குப் போற? அவங்க பாடு, அரசாங்கத்துக்க பாடு" என்றார். சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அந்த வாரம் முழுவதும் யாரிடமும் நல்லபடியாகப் பேசவில்லை.

அடுத்த திங்கட்கிழமை தலைமையாசிரியர் அறைக்குப் போய் அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். தரமாட்டேன் என்றார். மண்ணைக் கொண்டு வரச் சொன்னது நான், மன்னிப்புக் கேட்க வேண்டியதும் நான்தான் என்றேன். "அப்ப உங்களுக்கும் மெமோ வேணும்னு சொல்லுங்க" என்றார். "தாருங்க" என்று கத்திவிட்டேன். ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். மெமோ வந்தது. மூன்று பக்கம் பதில் எழுதினேன், பாடநூலின் எந்தப் பக்கத்தில் ஆல்பா துகள் வருகிறது என்பதுவரை. அதற்கு ஒரு பதிலும் இன்றுவரை இல்லை.

அவள் மாறிவிட்டாள். அழவில்லை, கோபப்படவில்லை, லீவும் போடவில்லை. கேட்பதை நிறுத்தினாள். காலாண்டுத் தேர்வில் தங்கத் தகடு சோதனைக்குப் படத்தோடு புத்தகத்தில் உள்ளபடியே எழுதியிருந்தாள். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முழு மதிப்பெண் போட வேண்டியிருந்தது. எனக்கு அந்தத் தாளைக் கிழிக்க வேண்டும் போல இருந்தது.

போன மே மாதம் பத்தாம் வகுப்பு முடித்து டி.சி. வாங்க அம்மாவோடு வந்தாள். நடத்தை என்ற இடத்தில் மற்ற எல்லாருக்கும் 'நன்று'. அவளுக்கு 'திருப்தி'. பழைய கடிதம் கோப்பில் இருக்கிறதே என்றார் கிளார்க். மாற்றாமல் நான் இந்த இடத்தை விட்டுப் போகமாட்டேன் என்று ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். பன்னிரண்டு மணிக்குத் தலைமையாசிரியர் வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு மணிக்கு வேறு டி.சி. வந்தது. 'நன்று'. அம்மா அதை வாங்கி, படித்துப் பார்க்காமலே மடித்துப் பைக்குள் வைத்தார்.

கேட்டுக்கு வெளியே மூவரும் பஸ்ஸுக்கு நின்றோம். வேறொரு பள்ளியில் சயன்ஸ் குரூப் கிடைத்திருக்கிறது என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"டீச்சரே, ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு நீங்க ஏன் ஒண்ணும் பேசல்ல?"

இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தார், "சும்மா இரு பிள்ளே" என்றார்.

"கேக்கட்டும் அக்கா" என்றேன். பிறகு அவளிடம் சொன்னேன், "பயந்துட்டேன் மக்களே."

அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். சமாதானம் ஆனதாகவும் தெரியவில்லை, வெறுப்பதாகவும் தெரியவில்லை. பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். போகும்போது கை காட்டினாள் என்றுதான் நினைக்கிறேன், வெயில் கண்ணில் அடித்தது.

ஆபீஸுக்குத் திரும்பினேன். சாப்பாட்டு நேரம், கிளார்க் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். கோப்பில் இருக்கும் அந்தக் கடிதத்தை எடுத்துத் தாருங்கள், அதில் என் கையெழுத்து இருக்கிறது என்றேன். அது இனி பள்ளிக்கூடத்துச் சொத்து டீச்சர் என்றார் அவர், வாயில் சோற்றோடு.