நோர்வேக்கு ஒரு வோட்டு

என்ர தங்கச்சி குமுதினியின்ர மனுசன் கிருஷ்ணராசாவை நான் சம்பந்தம் பேசின நாளிலயிருந்தே நம்பேல்லை. நான் லேசில ஆரையும் நம்புற ஆள் இல்லைத்தான், அது வேற கதை. ஆனால் பாதி வாழ்க்கையை நோர்வேயில கழிச்ச மனுசன், "மீன் வெட்டினன், இஞ்ச வந்திட்டன்" எண்டு கதையை முடிச்சால் ஆருக்குத்தான் சந்தேகம் வராது?

ஆளில வேற குறை சொல்லேலாது. நோர்வேயின்ர வடக்குத் தொங்கலில ஒரு மீன் பக்டரியில குளிருக்குள்ள நிண்டு வெட்டி வெட்டி, அவரின்ர இடக்கையில ரெண்டு விரல் சரியா மடங்காது. அந்தக் கையோட லண்டனுக்கு வந்து டிஷ் பூட்டப் பழகினார். ஈஸ்ட் ஹாமிலயும் பிளேஸ்டோவிலயும் எங்கட சனத்தின்ர சுவருகளில நிக்கிற டிஷ்ஷில அரைவாசி அவர் பூட்டினது. தமிழ் சனல் இழுக்குதில்லை எண்டு போன் எடுத்தால் மழைக்குள்ளயும் ஏணியோட வந்து நிப்பார். வேலை முடியப் பிளேன்டீ குடிப்பார், போவார். வாய் மட்டும் திறவார். அந்த மூடின வாய்தான் எனக்குப் பிடிக்கேல்லை.

கலியாணம் முடிஞ்சு வந்த முதல் மே மாதம் குமுதினி எனக்குப் போன் எடுத்து அழுதாள். சனிக்கிழமை தலையிடி எண்டு சொல்லி மேலறையைப் பூட்டிக்கொண்டு இருந்திட்டாராம். உள்ளுக்கை டிவியில பாட்டுச் சத்தம். அதுக்கு மேலால நோர்வே பாஷையில குழைஞ்சு குழைஞ்சு போனில கதை. வெளியில வரேக்க கண் ரெண்டும் சிவந்திருந்ததாம். என்னப்பா எண்டு கேக்க, யூரோவிஷன் பாத்தனான், பிரித்தானியாவுக்கு முட்டை விழுந்திட்டுது, கவலையாக் கிடக்கு எண்டாராம். ஐரோப்பாவில நாட்டுக்கொரு பாட்டு அனுப்பி, சனம் போன் அடிச்சு வோட்டுப் போடுற அந்தப் போட்டிதான். ஒரு புள்ளியும் இல்லாமல் முட்டை விழுந்தது உண்மை, பேப்பரிலயும் வந்தது. வெள்ளைக்காரனே அதுக்குச் சிரிச்சுப்போட்டு விட்டிட்டான். இவர் அழுதாராம். உதை நம்ப நான் என்ன விசரியோ?

அங்க ஒருத்தி இருக்கிறாள் எண்டு நான் குமுதினிக்கு நேரயே சொன்னன். அவள் நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் இல்லை. அந்த வருசம் முழுக்க அவரின்ர ஷேர்ட்டை மணந்து பாத்துப்போட்டுத்தான் தோய்ச்சாள். பாவம், மெலிஞ்சு போனாள்.

அடுத்த மே மாதம் என்ர மகள் கம்சிகா பெரியபிள்ளையானதுக்குச் சாமத்திய வீடு. ஈஸ்ட் ஹாமில ஹோல் எடுத்தம். திகதியைச் சொன்ன உடன கிருஷ்ணராசாவின்ர முகம் கறுத்துப் போச்சு. வேற சனிக்கிழமை ஏலாதோ அக்கா எண்டு கேட்டார். ஐயர் குறிச்சுத் தந்த நாளை மாத்தேலாது எண்டு வெட்டொண்டு துண்டு ரெண்டாச் சொல்லிப்போட்டன். ஆள் இந்த முறை என்னட்டை அம்பிடும் எண்டு மனதுக்கை நினைச்சுக்கொண்டன்.

அண்டைக்கு ஆலாத்தி முடிஞ்சு, சொந்தக்காரரைச் சோடி சோடியா மேடைக்குக் கூப்பிட்டுப் படம் எடுத்தினம். மைக்கில சித்தி சித்தப்பா வாங்கோ எண்டு கூப்பிட, குமுதினி தனிய ஏறினாள். அவர் எங்க எண்டு வீடியோக்காரன் கேக்க, ஹோலே அவளைப் பாத்தது. அவள் சிரிச்சுக்கொண்டு நிண்டாள்.  சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்பக்கக் கார் பார்க்குக்குப் போனன்.

மனுசன் தன்ர வேலை வானுக்குள்ள முன் சீட்டில இருக்கிறார். டிஷ் பூட்டிச் சோதிக்கிற குட்டி டிவி மடியில. ஒரு போனில நம்பரை அமத்தி அமத்தி வோட்டுப் போடுறார். மற்றப் போன் முன்னுக்கு ஸ்பீக்கரில கிடக்குது, அதுக்குள்ளால ஒருத்தி சிரிக்கிறாள். நான் கதவை இழுத்துத் திறந்து, "ஆர் அவள்?" எண்டன்.

அவர் ஒளிக்கேல்லை. "மகள், அக்கா. மயூரா. ஏழு வயசு."

 தாய் அந்தப் பக்டரியில வேலை செய்த நோர்வேக்காரியாம். அவள் வேற ஒருத்தனோட போக, பிள்ளையைத் தாயோடயே விட்டிட்டு இவர் இஞ்ச வந்தவராம். சொன்னால் ஆர் பொம்பிளை தருவினம் எண்டு கேட்டார். இருக்கிற நாட்டுக்கு வோட்டுப் போடேலாது, அது அந்தப் போட்டியின்ர சட்டம். அதால பிள்ளை அங்கயிருந்து அப்பாவின்ர பிரித்தானியாவுக்குப் போடும், இவர் இஞ்சயிருந்து பிள்ளையின்ர நோர்வேக்குப் போடுவார். வருசத்தில ஒருநாள் அப்பாவும் மகளும் சேர்ந்து செய்யிறது உதொண்டுதானாம். போன வருசம் முட்டை விழ, தான் போட்டது அப்பாவுக்குக் கிடைக்கேல்லை எண்டு பிள்ளை விக்கி விக்கி அழுததாம்.

நான் உதையும் உடன நம்பேல்லை. குனிஞ்சு போனை உத்துக் கேட்டன். குழந்தைக் குரல்தான்.

வோட்டு நேரம் முடிஞ்சுது எண்டு டிவியில சொல்லி முடிய, குமுதினி தேடிக்கொண்டு வந்தாள். நான்தான் எல்லாத்தையும் சொன்னன். அவள் வான் கதவடிக்கு வந்தாள். பிறகு அவரைப் பாத்து, "ஒருத்தி எண்டு நினைச்சு நான் ஒரு வருசம் செத்தன். பெத்த பிள்ளையையே ஒளிச்ச உங்களை இனி எதை வைச்சு நம்புறது?" எண்டாள். அவர் தலையைக் குனிஞ்சார். 

டிவியில ஒவ்வொரு நாடாப் புள்ளி சொல்லி, லண்டனின்ர முறையும் வந்தது. கூட வோட்டு விழுந்த பத்து நாட்டுக்குத்தான் புள்ளி. பேர் பேராச் சொல்லிக்கொண்டு போச்சினம், நோர்வே அதில இல்லை. பன்னிரண்டு புள்ளியும் வேற நாட்டுக்குப் போச்சு. நோர்வேக்கு ஒண்டுமே இல்லை.  பிறகு, இவர் போனிலயே சொல்லிக் குடுத்த தமிழில பிள்ளை சொன்னது:

"பொய். அப்பா போடேல்லை."

போட்டனான் குஞ்சு எண்டு தமிழில சொன்னார், அவையின்ர பாஷையிலயும் சொன்னார். பிள்ளை கேக்கேல்லை. பொய், பொய் எண்டு அழுதது. வோட்டுப் போட்ட போனை, பிள்ளைக்குத் தெரியப்போற மாதிரி, மடங்காத விரலோட மற்றப் போனுக்கு முன்னால நீட்டினார்.

குமுதினி என்னைத் தள்ளிப்போட்டு உள்ளுக்குக் கையை விட்டுப் போனை எடுத்தாள். ஆர் எண்டு பிள்ளை கேட்டது.

"சித்தி," எண்டாள். "அப்பா போட்டவர் குஞ்சு. நான் என்ர கண்ணால பாத்தனான்."

அவள் பாக்கேல்லை. வோட்டு முடிஞ்ச பிறகுதான் அவள் அங்க வந்தவள்.