ஃபிட் என்று எழுதிய தாள்

அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரில் எல்லோரும் அவரைப் புகழ்ந்திருக்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் நான் வேறொன்றை எழுதியாக வேண்டும்.

சேரப்பணஞ்சேரியில் எனக்கு இரண்டு வருடம் முன்னால் பிறந்தவர். அப்பா லாரியில் அடிபட்டு இறந்ததும் பத்தாவதோடு படிப்பை விட்டு, செங்கல் சூளையில் மண் மிதித்து என்னை ஐடிஐ படிக்க வைத்தார். அதனால் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நான் பர்மனென்ட். அவர் பக்கத்துக் கம்பெனியில் காண்ட்ராக்ட், பிரஸ் மெஷினில். நாற்பத்து நாலு வயதுக்குள் சர்க்கரை, பிரஷர், மங்கிய கண், மரத்த கை கால் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஒரு கல்யாணத்தில் யாரோ என்னிடம், "அப்பாவ உக்கார வைங்க" என்றார்.

எங்கள் கம்பெனியில் சர்க்கரை வந்தால் மாத்திரையும் உட்கார்ந்த வேலையும் தருவார்கள். அண்ணன் கம்பெனியின் வருடாந்திர மெடிக்கலில் சிறுநீரை மட்டும்தான் பார்ப்பார்கள்; அதில் சர்க்கரை தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் என் சிறுநீரைக் கேட்டார்.

"வேணாண்ணா. வைத்தியம் பாத்துகினு வூட்ல இரு."

பளார் என்று அறைந்தார். காது இரைந்தது.

"வூட்ல குந்திகினா உல எவன்டா வெப்பான்? ஒரு டப்பா ஒன்னுக்குதானடா கேக்கறேன், இன்னாத்துக்குப் பிகு பண்ற?"

கொடுத்தேன். மூன்று வருடமும் கொடுத்தேன். மூன்று வருடமும் அவருக்கு 'ஃபிட்' என்று தாள் வந்தது. கடைசித் தாளை அண்ணி சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார். "உங்க அண்ணனுக்கு ஒரு வியாதியும் இல்ல, ஓவர்டைம் பாத்த அலுப்புதான்" என்பார். நான் தலையாட்டுவேன்.

கை உள்ளே போனால் நிறுத்தும் சென்சாரை, வேலை வேகமாக நடக்கக் கட்டிவிட்டு ஓட்டிய மெஷின் அது. மரத்துப்போன வலது கை உள்ளே இருப்பதே அண்ணனுக்குத் தெரியவில்லை. பிரஸ் இறங்கியது. எலும்பும் கையுறையும் ஒன்றாக நசுங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்தார்கள். அழுகியது. முழங்கையோடு எடுத்தார்கள். "என்ன வெட்டிகினே கீறானுங்கடா!" என்று டியூபைப் பிய்த்துப் போட்டுக் கத்தினார். பதினோராம் நாள் கத்தல் நின்றது.

சாவுக்கு மாலையோடு வந்த காண்ட்ராக்ட் சூப்பர்வைசர், "ரிப்போர்ட்ல சுகரே இல்லையே சார்" என்றார். வாயிலேயே குத்தினேன். பல் உடைந்து மாலையெல்லாம் ரத்தம். "தம்பின்னா இவன்தான்யா!" என்று சித்தப்பா முதுகில் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் எரிகிறது.

அண்ணனை மெஷினிலிருந்து தூக்கி வந்த நான்கு திருநெல்வேலித் தொழிலாளர்களுக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், காரியத்தில் கூட நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தச் சூப்பர்வைசரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் தாளில் இருந்ததைத்தான் சொன்னார்.

அண்ணி, இதை நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் தாளை எடுத்துக் கிழித்துப் போடுங்கள். அதில் இருப்பது அண்ணன் உடம்பு இல்லை, என் உடம்பு.