லாரிக்குப் பார்த்த வீடு

யானையைக் கட்டித் தீனி போட்டுவிடலாம். எங்கள் ஊரில் லாரியை நிறுத்த இடம் பிடிப்பதுதான் நடக்காத காரியம். ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் சரக்கு ரயில் நிலையம், நடுவில் சந்துக்குச் சந்து கிடங்குகள். சரக்கை இறக்கிய லாரி எங்கே போகும், ஆகாயத்திலா பறக்கும்? தெருவோரம்தான் நிற்கும். நின்றால் போலீஸ் அபராதச் சீட்டை ஒட்டிவிட்டுப் போகும். போலீஸ் வராத தெருவென்றால் டீசல் திருடன் வருவான். ஒருமுறை என் தார்ப்பாயையே உருவிக்கொண்டு போனார்கள். அப்போது கேபினுக்குள் காவலுக்குப் படுத்திருந்தது சாட்சாத் நான்தான். குறட்டைச் சத்தத்தில் அவர்களுக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

அன்றிலிருந்து லாரி என் கண்ணில் படுகிற இடத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு வெறி. அதனால் நான் வீடு தேடுவதே தனி ரகம். வீட்டுக்காரர், "எத்தனை பேர் இருப்பீங்க?" என்று கேட்பார். நான், "தெரு எத்தனை அடி அகலம்?" என்று கேட்பேன். முதல் வீடு மாவு மில்லுக்குப் பக்கத்தில். உட்கார்ந்த இடத்திலேயே தலை நரைக்கும். அடுத்தது மரம் அறுக்கும் பட்டறைக்குப் பின்னால். அங்கே இருந்தவரை நானும் மனைவியும் சண்டை போட்டதே இல்லை, ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழுந்தால்தானே? மூன்றாவதாக வந்ததுதான் இப்போது இருக்கிற ஒற்றை அறை வீடு. ஜன்னலைத் திறந்தால் எதிரே பாழடைந்த ஆலையின் நீளச் சுவர். சுவரோரம் என் லாரி மகாராஜாவைப் போல நிற்கும். மனைவியின் தம்பி எனக்குப் 'பார்க்கிங் மச்சான்' என்று பெயரே வைத்துவிட்டான்.

ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் மகளுக்குப் பள்ளிக்கூடமும் மாறியது. அவள் ஒன்றும் சொன்னதில்லை. பள்ளிப் படிப்பின் கடைசி வருடம் வந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"அப்பா, இந்த வருஷம் என்னை எங்கயும் தூக்கிட்டுப் போகாதீங்க. பரீட்சை முடியட்டும்."

"அதெல்லாம் எங்கயும் போகல," என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் ஆலையை யாரோ வாங்கிவிட்டார்கள். சுவரில் பெரிதாக 'வண்டிகளை நிறுத்தக் கூடாது' என்று எழுதினார்கள். பற்றாததற்கு வாசலில் ஒரு மீசைக்காரரையும் நிறுத்தினார்கள். என் லாரி அநாதையானது. நாளுக்கொரு தெருவில் நிறுத்திவிட்டு, பேட்டரியைக் கழற்றித் தோளில் சுமந்துகொண்டு வீடு வருவேன். பேட்டரி கட்டிலுக்கு அடியில் தூங்கும், எனக்குத்தான் தூக்கம் வராது.

அப்போதுதான் வீட்டுத் தரகர் அந்த இடத்தைச் சொன்னார். லாரி நிறுத்த முற்றத்தோடு வீடு. மகளின் பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்தும் ஒரே பஸ். பள்ளி மாறாது, லாரியும் தப்பிக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே போய்ப் பார்த்தேன். கல் மாதிரி கான்கிரீட் தரை. இரும்பு கேட். குறுக்கே தாழ்வாக ஒரு மின்கம்பி கிடையாது. மூலையில் விளக்குக் கம்பம் வேறு! முற்றத்தை நீளவாக்கில் நடந்து பார்த்தேன், குறுக்குவாக்கில் நடந்து பார்த்தேன். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று குந்தி உட்கார்ந்தும் பார்த்தேன்.

"உள்ள பாக்கலையாண்ணே?" என்றார் தரகர்.

"வீடுன்னா வீடுதானே. முடிச்சிடுங்க."

வீட்டுக்கு வந்து நான் அளந்த அளப்பு இருக்கிறதே! மனைவி கேட்டாள், "சமையக்கட்டு எப்படிங்க?"

"ஜோரா இருக்கு."

"ஜன்னல்?"

"அதுக்கென்ன குறைச்சல்?"

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "எனக்குப் படிக்க இடம் இருக்குமாப்பா?" என்றாள்.

"தாராளமா." தாராளம் என்றபோது என் மனக்கண்ணில் தெரிந்தது முற்றம்தான்.

விடுமுறை நாளில் இருவரையும் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். ஒரே வெட்டில் கேட்டுக்குள் திருப்பி, சுவரோரம் நூல் பிடித்தாற்போல நிறுத்தினேன். சாவியோடு காத்திருந்த தரகராவது கைதட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மனைவி இறங்கிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"ஏங்க, இதுல ஜன்னலே இல்ல. தரையெல்லாம் வட்டம் வட்டமா கறுப்பா இருக்கு. டயர் அடுக்கி வச்சிருந்த ரூம் மாதிரி இருக்கே?"

"டயர் ரூம்தான்கா," என்றார் தரகர், உதவி செய்கிற நினைப்பில். "அண்ணன்கிட்ட உள்ள பாருங்கன்னு சொன்னேனே. அவர் வெளியவே பாத்துட்டுப் போயிட்டார்."

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சுவரைத் தட்டிப் பார்த்து, "இந்தப் பக்கம் ஒரு ஜன்னல் உடைச்சுக்கலாம். லாரியும் நல்லாத் தெரியும்," என்றேன். மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு, திட்டியிருந்தாலே தேவலை.

"பாப்பா எங்க?" என்று பேச்சை மாற்றினேன்.

மகள் இறங்கவே இல்லை. கேபினில் ஏறிப் பார்த்தேன், ஆளைக் காணோம். சீட்டுக்குப் பின்னால் நான் படுக்கிற பலகையை மறைத்துத் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. விலக்கினேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியில் புத்தகத்தை விரித்திருந்தாள். என் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது, என் சின்ன மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னம்மா பண்றே இங்க?"

"படிக்கிறேம்பா. அம்மா சொன்னது இங்க வரைக்கும் கேட்டுது. நீங்க ரெண்டு பேரும் அந்த ரூம்ல இருந்துக்குங்க. நான் இங்கயே இருந்துக்கறேன். திரையை இழுத்துவிட்டா யாரும் பாக்க மாட்டாங்க. ரொம்ப நல்லா இருக்குப்பா."

கேலியாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவள் நிஜமாகவே சொன்னாள். அந்தத் திரைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கி, வெளிச்சம் ஊடுருவாத துணியாகப் பார்த்து, ஓரம் மடித்துத் தைத்து வாங்கியவன் நான். வீட்டுக்கு என்று ஒரு முழத் துணி வாங்கியதில்லை.

கீழே நின்ற மனைவி கேட்டாள். "வீட்டுல அவ எங்க உக்காந்து படிக்கிறான்னு தெரியுமா உங்களுக்கு?"

"ஏன், கட்டில் மேலதான்."

"அது நீங்க வீட்டுக்குள்ள வர்ற வரைக்கும். நீங்க டிவி போட்டதும் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்து படிக்கிறா. நம்ம வீட்டுக்குள்ள சாத்திக்கிற மாதிரி கதவு அது ஒண்ணுதானே."

எத்தனை நாள் அந்தக் கதவைத் தட்டி, "மகாராணிக்கு இன்னும் குளிச்சு முடியலையா?" என்று கத்தியிருக்கிறேன்! அவளும் உள்ளேயிருந்து, "இதோ வந்துட்டேம்பா" என்பாள். ஈரமே இல்லாத தலையோடு வெளியே வருவாள். எந்தச் சந்தில் எந்தக் கம்பி எவ்வளவு தொங்குகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். பெற்ற பெண் வாளியின் மேல் உட்கார்ந்து படித்தது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. டீசல் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எஞ்சின் ஓடவே இல்லை, அதையும் இருவரும் கவனித்திருப்பார்கள்.

"இது வேணாங்க," என்றேன் தரகரிடம். "லாரிக்கு மட்டும்னா...?" என்று இழுத்தார். வாடகை மட்டும் வீட்டுக்கும் சேர்த்தே தர வேண்டுமாம். அப்படியானால் இரண்டுமே வேண்டாம் என்று வண்டியை எடுத்தேன்.

நேராக ஊருக்கு வெளியே இருக்கிற லாரி நிறுத்தத்துக்கு ஓட்டினேன். வேலி உண்டு, காவல் உண்டு, இடம் எப்போதும் உண்டு. இருந்தும் நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இரண்டு பஸ் மாறி வீடு வர வேண்டும், ஜன்னலில் லாரி தெரியாது. அவ்வளவுதான் காரணம்.

"எத்தனை நாளைக்குண்ணே?" என்றார் காவலாளி.

"பொண்ணு பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும்."

"லாரிக்கும் பரீட்சைக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லாமப் பாத்துக்கத்தான் இங்க வந்தேன்," என்றேன்.

கேபின் திரையைக் கொக்கியிலிருந்து கழற்றினேன். பஸ்ஸில் மனைவி அதை மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, சுவருக்குச் சுவர் கயிறு கட்டி அறையின் குறுக்கே அதைத் தொங்கவிட்டேன். ஜன்னல் இருக்கும் பாதி மகளுக்கு. கட்டில் அந்தப் பக்கம் போய்விட்டதால், பாயும் கையுமாக நான் நடுவில் விழித்துக்கொண்டு நின்றேன்.

மகள் திரையிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள். "அங்க இல்லப்பா, விளக்கை மறைக்கிறீங்க. பின்னால வாங்க. வரலாம்... வரலாம்... கொஞ்சம் லெஃப்ட்ல ஒடிங்க... இன்னும் வரலாம்... போதும், நிறுத்துங்க."

பீரோவுக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றேன். பாயை முழுசாக விரிக்க முடியவில்லை. பாதி மடித்துப் போட்டுப் படுத்துக்கொண்டேன்.