சீசன் முடிந்த பிறகு ஒரு தீவு

எங்கள் ஊருக்கு எல்லோரும் தேனிலவுக்கு வருகிறார்கள். கொடைக்கானலில் இருப்பவர்கள் தேனிலவுக்கு எங்கே போவார்கள் என்று, எனக்கே கல்யாணம் நிச்சயமாகும் வரை நான் யோசித்ததில்லை.

ஏரிக்கரையில் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கழுத்துக்கு இன்னும் பழகாத மஞ்சள் கயிறு ஸ்வெட்டருக்கு வெளியே வந்து கிடக்கும். மருதாணிக் கைகள் சுட்ட சோளத்தின் சூட்டை மாற்றி மாற்றிப் பிடிக்கும். அன்று காலை வாங்கிய குல்லாவுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி மூட்டத்துக்குள் போகும். கொஞ்ச நேரம் கழித்து ஆளில்லாமல் சிரிப்பு மட்டும் திரும்பி வரும். நானும் அந்தக் கரையில் நடந்துகொண்டே இருந்தேன். பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிற வேலை. எங்கே உட்கார்ந்தும் செய்யலாம் என்பதால் எங்கேயும் உட்காராமல் திரிந்தேன். பிறந்தது பழனி. அங்கிருந்து ஆடலூர், காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு வீடு. மிளகுக் கொடி பூப்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அப்புறம் மன்னவனூர். அங்கே காற்று மட்டும்தான் என்னோடு பேசியது, அதுவும் ஒரே விஷயத்தை. கடைசியில் கொடைக்கானலில் வந்து நின்றேன். நின்றதற்குக் காரணம் அவள்.

ஏரிக்கு மேலே சரிவில் இருக்கும் ஒரு விடுதியில் அறைகளைப் பராமரிக்கும் பிரிவுக்கு அவள்தான் தலைவி. பள்ளிக்கூடம் முடித்த கையோடு போய்ச் சேர்ந்தவள். நாற்பதைத் தாண்டியும் அங்கேயே இருந்தாள். ஏன் இத்தனை நாள் கல்யாணம் செய்யவில்லை என்று கேட்டால், "எங்க, சீசன் விட்டாத்தான?" என்பாள். புதுசாகக் கல்யாணமானவர்களுக்குக் கட்டில் விரித்துத் தருவதுதான் அவளுடைய வேலையில் பெரும்பகுதி. வெள்ளை விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது, துண்டில் அன்னம் செய்ய வேண்டும், ரோஜா இதழைத் தூவ வேண்டும், பிறகு அவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்பதற்குள் பின்பக்க வழியாக மறைந்துவிட வேண்டும்.

மாதா கோயிலில் எங்கள் கல்யாண ஓலையை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் பூசையில் அறிவிப்பார். யாரும் தடை சொல்லவில்லை. பின்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் "இப்பவாச்சும் பண்ணுதுகளே" என்றார். சிரித்துக்கொண்டே வெளியே வந்தபோது கேட்டேன், எங்கே போகலாம் என்று.

"எங்க வேணா போகலாம். ஆனா நான் அங்க கெஸ்டா இருக்கணும்."

"கெஸ்டா இல்லாம?"

"உங்களுக்குப் புரியல. யாரோ விரிச்ச கட்டில்ல நான் படுக்கணும். யாரோ கொண்டாந்த டீயக் குடிக்கணும். குடிச்ச கிளாஸ எடுத்துக் கழுவாம அப்படியே வச்சிட்டு வரணும். ஒரு தடவ. வாழ்க்கைல ஒரே ஒரு தடவ." சாலையைப் பார்த்துச் சொன்னாள், பிறகு என்னைப் பார்த்து: "சுத்தியும் தண்ணியா இருக்கணும். ஹோட்டல்ல இருந்து ஆள் அனுப்பிக் கூப்புட முடியாத எடம். தீவு."

ஆசை சின்னதுதான். ஆனால் நிறைவேற்ற எளிதானதா என்பதில் எனக்குச் சந்தேகம் வந்தது அடுத்த வாரம். பழனியில் என் வீட்டாரைப் பார்த்துவிட்டு ஒரு ஓட்டலில் சாப்பிடப் போனோம். இலை வருவதற்குள் மேசை விரிப்பை நான்கு மூலையிலும் இழுத்துச் சரிசெய்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போனதும் அவர்களுடைய தண்ணீர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். பரிமாறுகிறவர் ஓடி வந்து, "அம்மா, நீங்க உக்காருங்க" என்றார். "பழகிப்போச்சுண்ணே" என்று அவள் சிவந்துபோனாள். நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளை விருந்தாளியாக்க ஒரு கடல் போதுமா?

அந்தமான் என்று முடிவு செய்தோம். அந்தமானிலும் பெரிய ஊர் வேண்டாம், அங்கிருந்து கப்பலேறிப் போகிற ஒரு சின்னத் தீவு. ஏற்பாட்டை எங்கள் ஊர்க் கடைவீதியில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் கொடுத்தேன். நீண்ட காலம் டாக்ஸி ஓட்டி, பிறகு பலகை மாட்டி உட்கார்ந்தவர். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"சார், நான் இதுவரைக்கும் ஹனிமூனுக்கு ஆள எறக்கி விட்டுத்தான் பழக்கம். ஏத்தி விட்டதே இல்ல சார்."

"ஏத்திப் பாருங்களேன்."

"அதுக்கென்ன சார், அசத்திருவோம். பாக்கேஜ் நான் போடுறேன். அங்க வியூ பாயிண்ட் எத்தன சார் இருக்கு?"

"தீவு முழுக்க வியூ பாயிண்ட்தான். எங்க நின்னாலும் கடல் தெரியும்."

"மிஸ்ட் மறைக்காதா?"

"அங்க ஏது மிஸ்ட்?"

அவர் முகம் வாடியது. "எப்பவுமே தெரிஞ்சிக்கிட்டே இருக்குமா? அப்ப அதுல என்ன சார் த்ரில்லு?"

மறுநாள் வாட்ஸ்அப்பில் பாக்கேஜ் வந்தது. முதல் நாள் காலை போட்டிங், மாலை குதிரைச் சவாரி. இரண்டாம் நாள் சைட் சீயிங், அன்று இரவு கேம்ப் ஃபயர், வெதுவெதுப்பான வெந்நீர் வசதியுடன் அறை. அவளிடம் காட்டினேன். தலையணை உறைகளை எண்ணுவதை விட்டுவிட்டு, சலவை அறைச் சுவரில் சாய்ந்து அவள் சிரித்த சிரிப்பில் உடன் வேலை செய்யும் பெண்கள் ஓடி வந்தார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்தது அப்படித்தான். "அக்கா தீவுக்குப் போறாங்களாம்ல!" அதற்குப் பிறகு அவள் எந்த மாடியில் நின்றாலும் யாராவது ஒருத்தி, "மேடம், ரூம் சர்வீஸ்!" என்று கூவிவிட்டு ஓடினாள்.

எப்போது போவது என்பதில் யாருக்கும் குழப்பமே இல்லை. தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது, எனவே ஈஸ்டர் முடிந்து கல்யாணம். ஈஸ்டர் முடிந்தால் சீசன். சீசனில் எங்கள் ஊரில் ஓட்டலில் வேலை செய்கிறவர்களுக்கு லீவு கிடையாது. கல்யாணத்துக்கே இரண்டு நாள் கொடுத்தது பெரிய மனசு. ஆகவே சீசன் முடிந்ததும், ஜூனில். அவள் சொன்னாள், நான் தலையாட்டினேன், டிராவல்ஸ்காரர் "அதான் சார் கரெக்ட், கூட்டமிருக்காது" என்றார். மூன்று பேரில் ஒருவருக்கும் அதில் கேள்வி எழவில்லை.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் அவள் வேலைக்குப் போய்விட்டாள். அந்த மே மாதத்தை நான் மறக்க மாட்டேன். பெருமாள்மலையிலிருந்து வண்டிகள் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு ஏறின. ஊர் முழுக்கப் புதுத் தாலிகள். அவற்றுள் ஒன்று, யாருக்கும் தெரியாமல், சீருடைக் காலருக்கு உள்ளே இருந்துகொண்டு மற்றவர்களுக்குக் கட்டில் விரித்தது. மாலையில் கதை சொல்வாள். மதுரைப் பெண்ணொருத்தி, "அக்கா, நீங்க ஹனிமூன் எங்க போனீங்க?" என்று கேட்டாளாம். "இன்னும் போகலம்மா" என்றிருக்கிறாள். "அய்யோ, கல்யாணமாகி எத்தன வருசமாச்சு?" "அடுத்த செவ்வாய் வந்தா ரெண்டு வாரம்." அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாளாம். இவள் கால் வலியோடு, கையில் சோப்பு வாசனையோடு இதைச் சொல்லிச் சிரிக்கும்போது, நான் சன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பேன். சும்மா உட்கார்ந்து கேட்க முடியாத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் பிறந்தது. பெருமாள்மலையில் பழக்கடை வைத்திருக்கும் அவளுடைய அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். எனக்கு மதினி. பிளம்ஸ் கூடைகளுக்குப் பின்னாலிருந்து இரண்டு கம்பளி ஸ்வெட்டரை எடுத்து நீட்டினார்.

"அக்கா, அங்க வேர்க்கும்க்கா."

"வேர்த்தா கழட்டு. குளுந்தா என்னடி செய்வ, கடல்ல கம்பளிக் கடையா கெடக்கு? தம்பி, நீங்க சொல்லுங்க, வெளியூர் போறப்ப ஸ்வெட்டர் இல்லாமப் போவாகளா?"

மலையில் பிறந்தவர்களுக்கு வெளியூர் என்றாலே குளிர்தான். நான் வாங்கிப் பையில் வைத்தேன்.

அந்த வாரமே ஒரு பிற்பகல், மழைக்கோட்டில் தண்ணீர் சொட்ட, டிராவல்ஸ்காரர் என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"சார், ஒரு சின்ன விசயம். பெருசுதான். அங்க இப்பத்தான் மழை தொடங்குதாம் சார். காத்தாம். கடல் ஆடுதாம். தீவுக்குக் கப்பல் ஒரு நாள் போனா ஒரு நாள் போகாதாம். பாதி ஹோட்டல்ல ரூமப் பூட்டிட்டுப் போயிட்டாங்களாம்."

"சீசன் முடிஞ்சுதான போறோம்?"

"அதான் சார்! நம்ம சீசன் எப்ப முடியும்னு பாத்தோம். அவங்க சீசன் எப்பன்னு ஒருத்தரும் கேக்கலியே! அவங்களுக்கு டிசம்பராம் சார். டிசம்பர்ல எவனாச்சும் கடல்ல போய் எறங்குவானா? சளி பிடிச்சே செத்துருவான்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. உலகத்துக்கே ஒரு சீசன்தான், அது ஏப்ரலில் பிறந்து மே மாதத்தோடு முடியும் என்று நாங்கள் அத்தனை பேரும் நம்பியிருக்கிறோம். ஊர் ஊராகத் திரிந்த நானும்கூட. பிறகு அவள் நினைவு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

வேலை முடிந்து அவள் வரும் நேரம் பார்த்து விடுதிச் சரிவுக்கு ஏறினேன். வாசலுக்கு எதிரே டீக்கடைக் கூரையின் கீழ் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"டிசம்பருக்குத் தள்ளி வச்சுக்கலாம்," என்றேன்.

"டிசம்பர்ல கிறிஸ்மஸ், நியூ இயர். என்னிய விட்ருவாங்களா?"

"ஜனவரி?"

"பொங்கல் லீவு. எங்க ஹோட்டல்ல ரூமே காலி இருக்காது. அப்புறம் பிப்ரவரி, லவ்வர்ஸ் டே. மார்ச்சு, ஏப்ரல்... ஒவ்வொரு மாசத்துக்கும் எவளாச்சும் கழுத்துல புதுசா ஒண்ணக் கட்டிக்கிட்டு வந்து நிப்பா." குரல் உடையவில்லை, வேலை அட்டவணை சொல்லும் குரல்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "தள்ளி வச்சோம்னா அது நடக்காதுங்க. எனக்குத் தெரியும்."

மூட்டம் இறங்கி வந்து எங்களுக்கும் விடுதி வாசலுக்கும் நடுவே நின்றது. அவள் கையை நீட்டினாள். "அந்தத் தீவு ஹோட்டல் நம்பரக் குடுங்க."

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தது ஒரு பெண் குரல், இந்தியில். இவள் தனக்குத் தெரிந்த ஓட்டல் ஆங்கிலத்தில் பேச, அந்தப் பக்கம் சட்டென்று, "நீங்க தமிழா?" என்றது. அந்தப் பெண்ணின் தாத்தா காலத்திலேயே ராமநாதபுரம் பக்கமிருந்து போனவர்களாம்.

"மழைதான் மேடம், பொய் சொல்லக் கூடாது. கரண்ட் வரும், போகும். கடல்ல எறங்க விட மாட்டோம். போட் சவாரி கெடையாது, ஒண்ணும் கெடையாது. ஆளுங்கள்லாம் லீவுல போயிட்டாங்க. நானும் சமையலுக்கு ஒரு அக்காவும் மட்டும்தான். கெஸ்ட்டுன்னு ஒருத்தர்கூட இல்ல. ஹனிமூன்னு போட்டிருக்கீங்க. வாங்கன்னு சொல்ல எனக்கே மனசு வரல."

"ஒருத்தர்கூட இல்லியா?" இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இல்ல மேடம்."

"அப்ப ரெண்டு பேரும் என்னதான் செய்வீங்க?"

"என்ன செய்ய? மழையப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். டீ போட்டுக் குடிப்போம். அதுதான் சோலி."

இவள் கண்ணில் ஏதோ பற்றிக்கொண்டது. போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "சீசன்ல எங்களுக்குக் கெஸ்ட்டோட மூஞ்சியே தெரியாதுங்க. ரூம் நம்பர்தான் தெரியும். ஜூலை, ஆகஸ்ட்ல வர்ற ஒண்ணு ரெண்டு பேர்தான் எங்களுக்குக் கெஸ்டு. அவங்களுக்குக் கஞ்சி வேணும்னாக்கூட ஆசையா வச்சுக் குடுப்போம். நாம போக வேண்டிய நேரமே இதுதான்."

"கப்பல் போகாட்டி?"

"கப்பலேறுற கரையில உக்காந்திருப்போம்."

"போயிட்டுத் திரும்பி வர முடியாட்டி?"

மெதுவாக, மிக மெதுவாக, அவள் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு விரிந்தது. "லீவ நான் நீட்டல சார், கடல் நீட்டிருச்சுன்னு மேனேஜர்ட்ட சொல்லிருவேன்." பிறகு கையை எடுத்துவிட்டுப் போனில், "நாங்க வர்றோம்" என்றாள். "மழையும் மூட்டமும் எங்களுக்குப் பழக்கம்தான். நாங்க கொடைக்கானல்."

"கொடைக்கானலா! அங்கதான எல்லாரும் ஹனிமூனுக்குப் போவாங்க?"

டீக்கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண்ணும் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப சொல்லுங்க மேடம், உங்களுக்கு என்ன புடிக்கும்? மொத நாள் என்ன செஞ்சு வைக்கட்டும்?"

இவள் போனைப் பார்த்தாள். இந்தக் கேள்வியைக் கணக்கில்லாத பேரிடம் கேட்டவள். இவளிடம் கேட்டவர் இல்லை. என்னைப் பார்த்தாள். சொல்லத் துடித்த வாயை மூடிக்கொண்டு நான் மூட்டத்தைப் பார்த்தேன்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்... மீன். மீன் குழம்பு. புளி கம்மியா." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "பொரிச்சதும்."

"செஞ்சிருவோம். காலைல டீ எத்தன மணிக்குக் கொண்டாரட்டும்?"

"ஆறு..." என்று தொடங்கி நிறுத்தினாள். பெஞ்சின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். கூரையில் மழை வலுத்தது. "இல்ல, வேண்டாம். கதவத் தட்டாதீங்க," என்றாள். "நாங்க எந்திரிச்சதும் கூப்புடுறோம்."

"சரிங்க மேடம்," என்றது தீவு.